ஒரு பல் தள்ளி

அறுபது மைலில் தொடங்குகிறது என்றார் டாக்டர் ஃபூங்.
மைல்தான். எழுபத்தொன்றில் செய்த எம்ஜிபி,
முள் இன்னும் வெள்ளைக்காரன் கணக்கில்தான் ஏறும்.
ஊருக்குள் நாற்பதிலேயே உருட்டிக்கொண்டிருந்தவர்
மகளைப் பார்க்க இப்போதுதான் நெடுஞ்சாலை ஏறியிருக்கிறார்.
"ஸ்டீயரிங்கில் இல்லை. இருக்கைக்கடியில்.
என் கடைவாய்ப்பல் சிமெண்டில் தெரிகிறது."
லாபிஸ் முழுக்கப் பல் பிடுங்குகிறவர்,
பல்லைப் பற்றிச் சொன்னால் நம்பவேண்டியதுதான்.

யோங் பெங் சாலையில் நானே ஓட்டிப் பார்த்தேன்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்றை முந்தி,
ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது,
வந்தது.
கொதிக்கப் போகும் பானையின் மூடிபோல ஒரு நடுக்கம்;
கண்ணாடியில் அந்த லோரி இரண்டாகத் தெரிந்தது.
கிளட்சை மிதித்துக் கியரை விலக்கினேன்.
எஞ்சின் அடங்கியது. நடுக்கம் அடங்கவில்லை.
அப்படியானால் கியர்பெட்டிக்குப் பின்னால்
சுற்றுகிற எதுவோ.

"ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்," என்றார்.
"எது என்று தெரியாமல் பிடுங்கக்கூடாது."

தட்டினேன்.
முன்சக்கரம் பின்னால், பின்சக்கரம் முன்னால். அதே.
நீளத்தண்டில் இரண்டு ஹோஸ் கிளிப் மாட்டி
கடிகார முள்போல நகர்த்தி நகர்த்தி
ஒன்பது முறை அதே சாலை.
ஒட்டுக்கடை ஜெயக்கொடி கேட்டாள்:
"பல் டாக்டர் காடியில யாரத் தேடிப் போற?"

கியர்பெட்டியைத் தாங்கும் ரப்பர் நசுங்கியிருந்தது.
அதுதான் என்று எல்லாருக்கும் சந்தோஷம்.
ரப்பர் விளைந்த ஊரில் ரப்பர்தான் குற்றவாளி என்றால்
கதை அழகாக முடியும் அல்லவா.
புதுசு இங்கிலாந்திலிருந்து மூன்று வாரம் கழித்து வந்தது;
உறையைப் பிரித்தால் அடியில் பொடி எழுத்தில்
மலேசியாவில் செய்தது.
மாட்டினேன்.
ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது,
வந்தது.

அன்றிரவு மழை. பட்டறைத் தகரத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.
வண்டியடியில் அட்டை விரித்துப் படுத்து
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
தண்டைக் கையால் மெல்லச் சுற்றினேன்.
முன்மூட்டின் கவை படுக்கையாய் நின்றபோது
பின்மூட்டின் கவையும் படுக்கையாய் நிற்கவேண்டும்.
அது கொஞ்சம் தலையைச் சாய்த்து நின்றது,
கேட்டும் கேட்காதவனைப்போல.

சாய்வில் சுற்றும் மூட்டு சீராகச் சுற்றாது.
ஒரு சுற்றுக்கு இருமுறை முந்தும், இருமுறை பிந்தும்.
முன்னது முந்துவதைப் பின்னது கழித்துவிடும்,
இரண்டும் ஒரே வாக்கில் நின்றால்.
இல்லையென்றால் கழியாது; மிச்சம்
இருக்கைக்கடியில் வந்து உட்காரும்.

முன்முனையில் சறுக்கும் குழலின் பல்வரிசை
ஒரு பல் தள்ளிக் கோத்திருந்தது.
அம்புக்குறி இரண்டும் கிரீசுக்கடியில் இருந்தன.
என் கிரீஸ்.
போன தீபாவளிக்கு முந்திய வாரம்
கழற்றித் துடைத்து
அவசரத்தில் குத்துமதிப்பாய்ச் செருகியவள் நான்.
இத்தனை நாளும் டயரைத் திட்டினேன், சாலையைத் திட்டினேன்,
செத்துப்போன யாரோ ஓர் ஆங்கிலேயத் தொழிலாளியைத் திட்டினேன்.

நான்கு நட்டு. இழு. ஒரு பல் திருப்பு. செருகு.
கோப்பி ஆறுவதற்குள் முடிந்தது.

காலையில் அவரை ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அறுபத்திரண்டு.
கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
"எதுதான் அது?"
"நான்," என்றேன். "போன வருசம். ஒரு பல் தள்ளி."

கொஞ்சதூரம் ஒன்றும் பேசவில்லை.
செம்பனை வரிசைகள் ஆடாமல் கடந்துபோயின.
"முப்பது வருடத்தில்," என்றார், "நானும் ஒருமுறை.
பக்கத்துப் பல்."

"சொன்னீர்களா?"

எழுபதுக்கு ஏற்றினார்.